கம்பம்மெட்டில் பிடிபட்ட போலி இன்ஷூரன்ஸ் பேப்பர், அப்பா மேல் என்ன கேஸ் வரும்?

கம்பத்துப் பையன் கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவிடம் மஞ்சள் போர்டு ஜீப் ஒன்று இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டு வழியாக மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பதினொரு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. வண்டியில் வருகிறவர்கள் எல்லாம் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும்தான், அத்தை, சித்தி, மதினி என்று கூப்பிடுகிற பெண்கள்.

திங்கட்கிழமை காலையில் மேட்டில் சோதனை. அதிகாரி கையில் இருந்த மெஷினில் வண்டி நம்பரைப் போட்டதும் இன்ஷூரன்ஸ் முடிந்து எட்டு மாசம் ஆகிறது என்று காட்டியிருக்கிறது. அப்பா உடனே டேஷ்போர்டைத் திறந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தார், அதில் வருகிற மார்ச் வரைக்கும் செல்லும் என்று இருக்கிறது. பாலிசி நம்பரைப் போட்டுப் பார்த்தால் அது எங்களுடைய பழைய பாலிசி. அதிலேயே தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்கள், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார்கள், வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி நோட்டீஸ். பெண்கள் இறங்கி நின்று வேறு ஜீப்புக்குக் காத்திருந்தார்கள், நாலு பேருக்கு அன்றைக்குச் சம்பளமே போய்விட்டது.

பேப்பர் போட்டுக் கொடுத்தது ஊரில் ஜெராக்ஸ் கடை மாதிரி ஒன்று வைத்திருக்கும் ஓர் ஏஜென்ட். 5,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பியிருக்கிறோம், வாட்ஸ்அப்பில்தான் பிடிஎஃப் வந்தது. இப்போது அவர் போன் எடுப்பதில்லை, கடையும் திறக்கவில்லை.

அப்பாவுக்கு வயசு 56, ஆறாவது வரைதான் படித்தவர். அவர் மேல் என்ன கேஸ் வரும், ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? வியாழக்கிழமை போகலாமா, போனால் அங்கேயே பிடித்து வைத்துவிடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குமுளி டிரைவர்:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு பயம்? இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2,000 ரூபாய் ஃபைன், அவ்வளவுதான். நானே ஒருமுறை கட்டியிருக்கிறேன். கட்டிவிட்டுப் புதுப் பாலிசி போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த மலைப்பாதையில் ஓடுகிற வண்டியில் பாதிக்குப் பேப்பர் சரியில்லை, எல்லாரையுமா உள்ளே போடுகிறார்கள்.


உத்தமபாளையம் வக்கீல்:

மேலே எழுதிய அண்ணன் நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் இரண்டு தனித்தனிக் குற்றங்களை ஒன்றாக்கிவிட்டார். தம்பி, இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 196ஆவது பிரிவு. முதல் தடவை 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 4,000. பெரும்பாலும் பணம் கட்டி முடிந்துவிடும், அண்ணன் சொல்வது இதைத்தான்.

இல்லாத இன்ஷூரன்ஸை இருப்பதாகக் காட்டப் பொய்ப் பேப்பர் நீட்டுவது வேறு. அந்த இடத்தில் விஷயம் டிராஃபிக் ஃபைனை விட்டு வெளியே போய் மோசடி, ஆவணப் போலி என்ற பக்கத்துக்குப் போய்விடுகிறது. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி இல்லை, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 336ஆவது பிரிவு போலி ஆவணம் தயாரிப்பது பற்றியது. சும்மா தயாரித்தால் இரண்டு வருஷம் வரை, ஒருவரை ஏமாற்றுவதற்கென்றே தயாரித்தால் ஏழு வருஷம் வரை. பழைய சட்டத்தில் 465, 468 என்று சொல்வோமே, அதுதான். போலி என்று தெரிந்தே, அல்லது போலி என்று நம்பக் காரணம் இருந்தும், அதை உண்மைப் பேப்பர் மாதிரிப் பயன்படுத்தினால் 340(2), பழைய 471. நான் தயாரிக்கவில்லை, காட்டினேன் அவ்வளவுதான் என்று சொல்லித் தப்ப முடியாது, தயாரித்தவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை காட்டியவனுக்கும். ஏமாற்றிப் பணம் வாங்கியதற்கு 318(4), பழைய 420, அதுவும் ஏழு வருஷம் வரை, அது முக்கியமாக அந்த ஏஜென்ட் மேல் நிற்கும். பாலிசி என்பது ஒரு சட்ட உரிமையை உண்டாக்கும் ஆவணம் என்று சொல்லிச் சில இடங்களில் 338ஐயும் சேர்ப்பார்கள், அதில் பத்து வருஷம், ஆயுள் வரைக்கும் இருக்கிறது. எஃப்ஐஆரில் அந்த எண்ணைப் பார்த்தால் கலங்க வேண்டாம், அது பொருந்துமா என்று கோர்ட்டில் வாதாட இடம் உண்டு.

பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள் என்றீர்கள் அல்லவா, அது மோட்டார் வாகனச் சட்டம் 206. காட்டிய பேப்பர் போலி என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் அதைக் கைப்பற்றலாம், அது எப்படிக் கைக்கு வந்தது என்று டிரைவரிடமோ ஓனரிடமோ விளக்கம் கேட்கலாம். வியாழக்கிழமை கூப்பிட்டிருப்பது அந்த விளக்கத்துக்குத்தான். அப்பாவுக்கு இப்போது இருக்கும் ஒரே நல்ல வாசல் அதுதான், அதனால் கண்டிப்பாகப் போக வேண்டும். தண்டனை ஏழு வருஷம் வரை என்ற குற்றங்களில் உடனே கைது செய்யாமல், குற்ற விசாரணை முறைக்கான புதுச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)இல் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் முறை, நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக வந்துபோகிறவரைக் காரணம் எழுதி வைக்காமல் கைது செய்யக்கூடாது. போகாமல் தலைமறைவானால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இருந்தாலும் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். எஃப்ஐஆர் போட்டாயிற்றா, எந்தப் பிரிவுகள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 336(3)உம் 318(4)உம் ஜாமீனில் விட முடியாத பிரிவுகள், அவை இருந்தால் முன்ஜாமீன் கேட்டுக்கொள்வது நல்லது. வழக்கு கேரளாவில் என்பதால் இடுக்கி செஷன்ஸ் கோர்ட்டிலோ கேரள உயர்நீதிமன்றத்திலோதான் கேட்க வேண்டும். அதற்கு அவகாசம் இல்லை என்றால், வேறு மாநிலத்தில் பதிவான வழக்குக்கும் நம் பக்கத்துக் கோர்ட் கொஞ்ச நாளைக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுக்கலாம் என்று 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

முக்கியமாக ஒன்று. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்தி, அவன் அனுப்பிய பிடிஎஃப், எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் பண்ணாதீர்கள். பயத்தில் நிறையப் பேர் முதலில் செய்கிற வேலை இதுதான். உங்கள் அப்பா ஏமாந்தவர் என்பதற்கு இருக்கும் சாட்சியே அந்தப் போன்தான், அதோடு ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றமும் ஆகிவிடும்.

கடைசியாக, ஏஜென்ட் மேல் நீங்களே கம்பத்தில் புகார் கொடுங்கள், வியாழக்கிழமைக்கு முன்னாலேயே. பணம் வாங்கியது இங்கே, பிடிஎஃப் வந்ததும் இங்கே. எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னாலும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173இன்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். அந்தப் புகார் நகலோடு மேட்டு ஸ்டேஷனுக்குப் போவதும் வெறும் கையோடு போவதும் ஒன்று இல்லை.


கம்பத்துப் பையன்:

ரொம்ப நன்றி சார். இப்போதுதான் கொஞ்சம் மூச்சு வருகிறது. ஒன்றே ஒன்று மனசை அரிக்கிறது. போன வருஷம் வரை 19 ஆயிரத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம், இந்தத் தடவை 5,500க்கு முடித்துத் தருகிறேன் என்று அவன் சொன்னபோதே எப்படி என்று நான் கேட்டேன். அப்பாவும் அன்றைக்கு…


உத்தமபாளையம் வக்கீல்:

தம்பி, அங்கேயே நிறுத்துங்கள். அப்பாவுக்கு என்ன தெரியும், என்ன சொன்னார் என்பதைப் பொதுவில் எழுதாதீர்கள். உங்கள் வக்கீலிடம் நேரில் உட்கார்ந்து முழுதாகச் சொல்லுங்கள், அவரிடம் ஒரு வரியைக்கூட மறைக்காதீர்கள்.

நீங்கள் கேட்க வந்த கேள்வி எனக்குப் புரிகிறது. இந்த வழக்கே அந்த இடத்தில்தான் நிற்கும். 340(2)க்குப் போலி என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். 19 ஆயிரம் கட்டிய இடத்தில் 5,500 கட்டினால் சந்தேகம் வரவில்லையா என்றுதான் அரசுத் தரப்பு வக்கீல் முதலில் கேட்பார். படிக்காதவர், பதினொரு வருஷம் ஒழுங்காகக் கட்டியவர், பணத்தை ரகசியமாகக் கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பியவர், பேப்பரைத் தானாகவே எடுத்து நீட்டியவர் என்பதெல்லாம் நம் பக்கம் பேசும். உண்மையை மாற்றாமல் சொல்லச் சொல்லுங்கள், முதல் வாக்குமூலம் ஒன்று, கோர்ட்டில் வேறொன்று என்றால் அதுவே கழுத்தை இறுக்கும்.


பாலிசி பார்ப்பவன்:

நான் இன்ஷூரன்ஸ் புரோக்கர் ஆபீஸ் ஒன்றில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். தம்பிக்கு நடந்தது பழைய முறை, தேதியை மாற்றிப் பிரிண்ட் எடுப்பது. அது எளிதில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் அந்த வண்டிக்குப் புதுப் பாலிசியே ஏறியிருக்காது. இப்போது அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது, வண்டி வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1500 சிசிக்கு மேல் உள்ள, ஆறு பேர் வரை ஏற்றும் வாடகை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான காப்பீடு, மட்டும் 10,523 ரூபாய், அதற்கு மேல் தலைக்கு 1,117. ஆறு பேருக்கு 17 ஆயிரத்தைத் தாண்டுகிறது, ஜிஎஸ்டி தனி. 75 முதல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு வெறும் 714. ஏமாற்றுகிறவன் என்ன செய்கிறான் என்றால், ஆன்லைனில் பைக் பாலிசி எடுக்கிற பக்கத்துக்குப் போய், உங்கள் ஜீப்பின் நம்பரையே அடித்து, வாகன வகை பைக் என்று போட்டு, அந்த ஆயிரத்துக்குள் கட்டி முடித்துவிடுகிறான். நிஜமான பாலிசி, நிஜமான நம்பர். அப்புறம் அந்த பிடிஎஃப்பைத் திருத்தி, பைக் என்று இருக்கும் இடத்தில் ஜீப் என்றும், தொகை இருக்கும் இடத்தில் 18 ஆயிரம் என்றும் மாற்றி உங்களுக்கு அனுப்புகிறான்.

இதில் கொடுமை என்னவென்றால், சோதனையில் வண்டி நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றே காட்டக்கூடும், ஏனென்றால் கம்பெனி அந்த நம்பருக்குத்தான் பாலிசி ஏற்றியிருக்கிறது. ரோட்டில் யாரும் பிடிக்க மாட்டார்கள். விபத்து நடந்து க்ளெய்ம் போகும்போதுதான் கம்பெனி தன் பதிவைத் திறந்து, இது பைக் பாலிசி, ஜீப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லும். அதனால் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பச்சையாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாலிசி நம்பரைக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் போட்டு, நீங்களே புதிதாக ஒரு பிரதி இறக்கி, வண்டி வகை, எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது, எவ்வளவு கட்டியிருக்கிறது என்று ஆர்சியோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பாருங்கள், கோடையே மாற்றி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பணத்தைத் தனிநபர் ஜிபேக்கு அனுப்பாதீர்கள், கம்பெனி பெயருக்கே கட்டுங்கள். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது, 1938ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம் 64விபி அதைத்தான் சொல்கிறது. சந்தேகம் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் இலவச எண் 155255.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் பேப்பரை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும், அப்படிப் போகும்போதே போலியா நிஜமா என்பதும் தெரிந்துவிடும்.


சம்பள டிரைவர்:

வக்கீல் சாரிடம் ஒரு சந்தேகம். நான் வேறொருவர் பிக்கப்பில் சின்னமனூரில் இருந்து கட்டப்பனைக்குக் காய்கறி ஏற்றுகிறேன். மாசச் சம்பளம். பேப்பர் எல்லாம் ஓனர்தான் கவரில் போட்டுக் கொடுப்பார், நான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அது போலியாக இருந்தால் என் மேலும் கேஸ் வருமா?


உத்தமபாளையம் வக்கீல்:

196 வரும். ஓட்டுகிறவர், ஓட்ட விடுகிறவர் இருவரையும் அந்தப் பிரிவு பிடிக்கும். போலிக் குற்றம் உங்களுக்குத் தெரிந்தால்தான். முதலில் விசாரிப்பது உங்களைத்தான், ஏனென்றால் நீட்டிய கை உங்களுடையது. ஓனர் கொடுத்தார் என்று சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும், அதனால் பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

இன்னொன்று, கையில் பேப்பர் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 139 காட்டுவதற்கு 15 நாள் அவகாசம் கொடுக்கிறது, டிஜிலாக்கர், எம்பரிவாகன் பிரதியும் செல்லும். இல்லை என்று சொல்வது சின்னக் குறை, பொய்யை நீட்டுவது பெரிய குற்றம்.


சின்னமனூர் மகள்:

நான் இங்கே எப்போதும் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா இருபத்தி இரண்டு வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். இதே மாதிரி ஜீப்தான், இதே மாதிரி விடியற்காலைதான். மழை பெய்த ஒரு சாயங்காலம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் ஜீப் சாய்ந்துவிட்டது. உயிர் போகவில்லை. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, தொடையில் கம்பி வைத்தார்கள். ஓட்டியவரை நான் இன்றைக்கும் திட்ட மாட்டேன், அவரும் ரத்தத்தோடுதான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார், ஆஸ்பத்திரியில் முதல் பத்தாயிரம் அவர் கட்டியதுதான்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது, எல்லாச் செலவும் கம்பெனி கொடுத்துவிடும் என்றார். அவரும் அப்படித்தான் நம்பினார். நாங்கள் நகையை வைத்து ஆபரேஷன் பார்த்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போட்டோம். ஒன்றரை வருஷம் கழித்துக் கம்பெனி வக்கீல் வந்து ஒரு பேப்பரை நீட்டினார், மேலே அந்த அண்ணன் எழுதியிருக்கிறாரே, அதேதான். அந்த ஜீப் நம்பருக்கு இருந்தது ஸ்கூட்டர் பாலிசி. கம்பெனியை விடுவித்துவிட்டார்கள். 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை ஜீப் ஓனர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அவரிடம் என்ன இருக்கிறது? அந்த உடைந்த ஜீப்பும், தம்பியோடு பங்கு பிரிக்காத ஓட்டு வீடும். ரெவின்யூ ரெக்கவரி போடலாம் என்றார்கள், தாசில்தார் ஆபீசுக்கு நடந்தோம். இதுவரை எங்கள் கைக்கு வந்தது 1 லட்சத்து 10 ஆயிரம். அவருக்கு இருந்த கால் காணியும் அதில் போய்விட்டது. அவர் பெண்டாட்டி இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், எங்களுக்கும் அவரைப் பார்க்கச் சங்கடம்தான்.

அம்மா இப்போது குச்சி ஊன்றி வாசல் வரைக்கும் வருவார். கீழே உட்கார முடியாது. உட்கார்ந்து காய் எடுத்துப் பழகிய உடம்பு, இப்போது ஒரு முழம் பூ கட்டக்கூட நாற்காலி வேண்டும்.

தம்பி, உங்கள் அப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஜெயில் எத்தனை வருஷம், ஃபைன் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறீர்களே, அந்த எட்டு மாசமும் உங்கள் அத்தையும் சித்தியும் அந்த மலைப்பாதையில் எந்தக் காப்பும் இல்லாமல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் உங்கள் அப்பாவே போய்ச் சொல்ல வேண்டும். போலீஸ் பிடித்தது திங்கட்கிழமை என்பது கடவுள் புண்ணியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அப்படி யாரும் முன்னாலேயே பிடித்துக் கொடுக்கவில்லை.


உத்தமபாளையம் வக்கீல்:

அம்மா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்புகளை எதிர்த்தரப்பில் நின்று வாங்கியும் கொடுத்திருக்கிறேன், அதனால் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் அதில் போகிறவர்களுக்கும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன்.

போலிப் பாலிசி என்று நிரூபணமானால் நஷ்டஈடு முழுக்க ஓனர் தலையில்தான். தீர்ப்புத் தொகையை நிலவரிப் பாக்கி மாதிரி வசூலிக்க மோட்டார் வாகனச் சட்டம் 174ஆவது பிரிவு இருக்கிறது, வீடு, நிலம் எல்லாம் அதற்குள் வரும். பணம் வாங்கியவர் அந்தக் கம்பெனியின் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்தான், கம்பெனி ரசீதும் கொடுத்தார் என்றால் கம்பெனியை இழுக்க வாதாட இடம் உண்டு, ஜெராக்ஸ் கடைக்காரர் என்றால் அதுவும் கஷ்டம்.

அப்புறம், நிஜமான பாலிசி இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். வெள்ளை போர்டு ஜீப்புக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டு ஆள் ஏற்றினால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பாலிசி காப்பு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2012இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றினால் அதே சட்டம் 192ஏ, முதல் தடவையே 10,000 ரூபாயும் ஆறு மாதம் வரை சிறையும். மஞ்சள் போர்டில் ஆறு பேருக்குப் பிரீமியம் கட்டிவிட்டுப் பதினாலு பேரை ஏற்றினாலும் கம்பெனி ஆறு பேர் அளவுக்குத்தான் கொடுக்கும், மற்றதற்கு ஓனர்தான். ஐந்து மணி ஜீப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விபத்தில் அடிபட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனலில் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது, ஓனர் சமாதானம் பேசுகிறார் என்று நாளைக் கடத்தாதீர்கள்.


குமுளி டிரைவர்:

நான் முதலில் எழுதியது தப்பு. மன்னிக்க வேண்டும் தம்பி, மன்னிக்க வேண்டும் அக்கா.

இதைப் படித்தபிறகு ராத்திரி பதினொன்றரைக்கு என் பேப்பரை எடுத்துக் கம்பெனி சைட்டில் பாலிசி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். என் பேப்பரில் 16,500 என்று இருக்கிறது. சைட்டில் 843 என்று வருகிறது. வாகன வகை என்ற இடத்தில் இருசக்கர வாகனம். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நாலு மாசமாக வண்டிப்பெரியாறுக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு இதே வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு வண்டி எடுக்கவில்லை. என் ஜீப்பில் வருகிறவர்களுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், வேறு வண்டியில் போகச் சொல்லி. காரணமும் சொல்லிவிட்டேன். வக்கீல் சார், இப்போது நானாகவே போய்ப் புகார் கொடுத்தால் என் மேலேயே திரும்புமா?


உத்தமபாளையம் வக்கீல்:

தெரிந்த மறுநாளே வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்கிறீர்கள். இதைவிட நல்ல இடத்தில் இருந்து யாரும் தொடங்க முடியாது. இனிமேல் அந்தப் பேப்பரை யாரிடமும் நீட்டாதீர்கள், இன்று வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, நாளை முதல் தெரியும் என்பதுதான் வித்தியாசம். சைட்டில் வந்ததை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், காலையில் பேப்பர் ஒரிஜினல், பணம் கட்டிய ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள், கம்பெனிக்கும் மெயில் அனுப்புங்கள். மனுவில் தேதி, தொகை, ஏஜென்ட் போன் நம்பர் இருக்கட்டும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பத்து மணிக்கு மேல் என் ஆபீசுக்கு வந்தாலும் எழுதித் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.


கம்பத்துப் பையன்:

வியாழக்கிழமை போய்விட்டு இப்போதுதான் வந்தோம். புதன்கிழமையே கம்பத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம், எங்களைப் போல இன்னும் மூன்று பேர் அதே ஆளைப் பற்றிக் கொடுத்திருக்கிறார்களாம். மேட்டு ஸ்டேஷனில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள், அப்பா எல்லாவற்றையும் சொன்னார், போனை வாங்கிக்கொண்டு அதற்கும் எழுதிக் கொடுத்தார்கள். கைது இல்லை, கூப்பிடும்போதெல்லாம் வரவேண்டும். எஃப்ஐஆரில் முதல் பெயர் ஏஜென்ட், இரண்டாவது அப்பா. 336(3), 340(2) இருக்கிறது. முன்ஜாமீன் மனு தொடுபுழாவில், இடுக்கி செஷன்ஸ் கோர்ட்டில் நாளைக்குப் போடுகிறோம். 196க்கு 2,000 தனியாகக் கட்டிவிட்டோம்.

ஜீப்புக்குப் புதுப் பாலிசி, கம்பெனி ஆபீசுக்கே போய், 20 ஆயிரத்துச் சொச்சம், அம்மாவின் தோடு. வண்டியை விடுவிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள்.

சின்னமனூர் அக்காவுக்கு: நேற்று சாயங்காலம் அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். மூன்று வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு அத்தை மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றுவிட்டு வந்தார். இனிமேல் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஏற்றுவதில்லை, பாலிசியில் இருக்கிற ஆறு பேர்தான் என்று சொல்லியிருக்கிறார். கூலி தலைக்கு எவ்வளவு ஏறும் என்று அவர்களே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை.